தெம்பு இருக்கும்போதே

அன்புள்ள அம்மணி,

உன் கடிதமும் கையால் வரைந்த வழிப்படமும் கிடைத்தன. கோவையில் சைக்கிளில் கிளம்பி மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு, மறுநாள் கோத்தகிரி வழியாக ஊட்டி, அப்புறம் கூடலூர், வயநாடு, கோழிக்கோட்டுக் கடற்கரை. தைப்பூசம் முடிந்த கையோடு புறப்படுகிறாய். கூடாரமெல்லாம் வேண்டாம், லாட்ஜ் போதும் என்கிறாய். எல்லாம் சரி. இவ்வளவு எழுதிவிட்டுக் கேள்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாய்: இரண்டாம் நாள் ஏற்றத்தைக் கால் தாங்குமா? தனியாக மலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்பது இதையேதான். அதனால் உனக்கு எழுதுகிற பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

கால் தாங்கும். கணக்குப் போட்டே பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800. நடுவே 33 கிலோமீட்டர் ரோடு. சராசரியாக நூறு மீட்டர் போனால் நாலரை மீட்டர் ஏறுகிறாய். பக்கத்து மலையில் கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற ரயில், செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அதனால்தான் 1899-ல் குன்னூர் வரை பாதை திறந்தபோதே நடுவில் பல்தண்டவாளம் போட்டிருந்தார்கள். உன் ரோடு அதில் பாதிச் சரிவுதான். உன் எடை, சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 82 கிலோ என்று வை. அவ்வளவையும் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க உடம்புக்குச் சுமார் 1,200 கிலோகலோரி செலவாகும். தின்ற சாப்பாட்டின் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்கு வரும், மிச்சம் வேர்வையும் சூடுமாகப் போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இட்லி மட்டுமே தின்று ஈடுகட்டுவதென்றால் இருபதுக்கு மேல் வேண்டும். நிதானமாக மிதித்தால் நாலு, நாலரை மணி நேர வேலை. நாலரை மணி நேரம் நெல் நாற்று நடுகிற பெண்களை நீ பார்த்திருக்கிறாய். அவர்கள் யாரும் கால் தாங்குமா என்று கேட்டு வயலில் இறங்குவதில்லை.

அந்த நாளைக் கெடுப்பது வேறொன்று. மதியம் ஒரு மணிக்கு மேல், வேர்த்து நனைந்து, பசி தெரியாமல் பசித்து, ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று எடுக்கிற முடிவுகள். களைத்த மூளைக்குக் களைப்பு தெரியாது. கூட ஒருத்தர் வந்தால், ‘ஏய், உன் உதடு வெளுத்திருக்கு, உட்காரு’ என்று சொல்வார். துணையோடு போவதில் பெரிய லாபமே அந்த ஒரு சொல்தான் என்பேன். பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டியதில்லை. தனியாகப் போகிறவளுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே சொல்ல வேண்டியதையெல்லாம் தெம்பு இருக்கும்போதே நீயே உனக்குச் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை. பிரான்சில் சாந்தெத்தியேன் ஊரில் போல் தெ விவி என்று ஒருவர் இருந்தார். சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதுவார். தூரப் பயணம் போகிறவர்களுக்கு அவர் ஏழு விதிகள் வகுத்தார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி, குளிரும் முன் போர்த்திக்கொள், முதல் சில மணி நேரங்களில் வேகத்தை முடுக்காதே என்பவை அவற்றில் சில. கூர்ந்து பார், எல்லாமே ‘முன்’தான். அந்த மனிதர் வெறும் உபதேசியில்லை. அறுபது வயதுக்கு மேலும் மலைப்பாதைகளில் இரவும் பகலுமாக மிதித்தவர். 1930-ல் ட்ராம் மோதி இறந்தார்.

டெர்வ்லா மர்ஃபியை நீ படித்திருப்பாய். அயர்லாந்துப் பெண். 1963 ஜனவரியில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து டெல்லிக்குத் தனியாக சைக்கிளில் கிளம்பியவர். அவருடைய துணிச்சலைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர் வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை. வழியில் இருக்கும் ஊர்களுக்கு உதிரி டயர்களை முன்கூட்டியே அனுப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். துணிச்சலுக்குப் பின்னால் இப்படியொரு அஞ்சலகக் கணக்கு இருக்கிறது என்பதை யாரும் சிலாகிப்பதில்லை.

ஆகவே மேட்டுப்பாளையத்து லாட்ஜில், முந்தின இரவே, ஒரு துண்டுச் சீட்டு எழுது. நாலைந்து வரி போதும். கோத்தகிரிக்குச் சற்று முன்னால் வரும் அரவேனுவை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் என்ன செய்வாய், எத்தனை மணிக்கு மேல் மிதிக்க மாட்டாய், மழை வந்தால் எங்கே நிற்பாய். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹேண்டில்பாரில் கட்டு. போனில் எழுதி வைக்கிறேன் என்று சொல்லாதே. களைத்த நேரத்தில் போனைத் திறந்தால் வேறு எதையாவதுதான் பார்ப்போம். என் சீட்டில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: ‘அரவேனு பகல் ஒரு மணி. நேரம் தாண்டினால் கோத்தகிரியில் தங்கல்.’ ஒரு மணி பத்து நிமிடத்துக்கு அங்கே போய் நின்றுகொண்டு, பத்து நிமிடம்தானே என்று வழக்காடக் கூடாது. அந்த வழக்கில் வக்கீலும் நீ, நீதிபதியும் நீ, இரண்டு பேருமே களைத்திருப்பீர்கள்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

வெயிலுக்குப் பயந்து நாலரைக்கே கிளம்பிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். மலையடிவாரம் யானை நடமாடும் இடம். ஏற்றத்தின் நடுவில் வரும் குஞ்சப்பணை வரைக்கும் இருட்டில் சைக்கிளில் போவது வீரமில்லை. லாரிச் சத்தத்தை யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும். நம் வண்டிக்குச் சத்தமே கிடையாது. வளைவு திரும்பியதும் பத்தடியில் அதுவும் திடுக்கிடும், நீயும் திடுக்கிடுவாய். வெளுத்த பிறகு, ஆறேகால் ஆறரைக்குக் கிளம்பு. மூங்கில் அடர்ந்த திருப்பங்களில் மணியடித்துக்கொண்டே போ. பச்சைச் சாணமும் ஒடித்துப் போட்ட கிளையும் கிடந்தால் நின்றுவிடு. அடுத்து வருகிற பஸ்ஸுக்கோ லாரிக்கோ பின்னாலேயே ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டு. யானையே ரோட்டில் நின்றால் திரும்பி நட, அவ்வளவுதான். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பவானி ஆற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு பிரியும். இடப்பக்கம் கல்லாறு வழியாகக் குன்னூர், வலப்பக்கம் கோத்தகிரி. குன்னூர் ரோட்டில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஓயாத வண்டிகளும் உண்டு. கோத்தகிரி ரோடு அதைவிட அமைதி, ஏற்றமும் ஒரே சீர். நீ தேர்ந்தெடுத்தது சரிதான். மே மாதமாக இருந்தால் வேறு பேச்சு. சீசனில் ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்கி விடுவார்கள். உனக்கு எதிரே ஊர்வலமே இறங்கி வரும். ஐப்பசி கார்த்திகையில் கிளம்புவதாக இருந்தால் நானே வந்து தடுத்திருப்பேன். வடகிழக்குப் பருவமழை அடிப்பது இந்தக் கிழக்குச் சரிவைத்தான். 2009 நவம்பரில் இந்த மலையில் சரிந்த மண் எத்தனையோ வீடுகளை மூடியது.

முதல் ஒரு மணி நேரம்தான் அந்த நாளின் தலையெழுத்து. காலைக் குளிர்ச்சி, வயிற்றில் இட்லி, இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, மனசுக்குள் உற்சாகம். எல்லாம் சேர்ந்து உன்னை முடுக்கும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே பாயசத்தை அள்ளி ஊற்றுகிற ஆள் மாதிரி காலும் அள்ளி ஊற்றப் பார்க்கும். கடைசிப் பந்திக்கு, அதாவது கோத்தகிரிக்கு முந்தின எட்டுக் கிலோமீட்டருக்கு, வெறும் அண்டாதான் மிஞ்சும். அளவு எப்படித் தெரியும் என்றால், தனக்குத்தானே வாய்விட்டுப் பாடிப் பார். பல்லவியை ஒரே மூச்சில் பாட முடிந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் ஒரு கியர் குறை.

கியர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைசி கியரை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மிச்சம் பிடிக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. புதுப் பாத்திரத்தைப் பரண்மேல் வைக்கிற அதே புத்தி. மலையில் சின்ன கியர்தான் சோறு போடும். முன்னால் 28 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு முழு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுகூட வராது, சைக்கிள் 1.7 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு எழுபது மிதி என்றால் மணிக்கு ஏழு கிலோமீட்டர். அதே ஏழு கிலோமீட்டரைப் பெரிய கியரில் நாற்பது மிதியில் அடைந்தால், ஒவ்வொரு மிதியின் பாரமும் முழங்காலில் விழுகிறது. அன்று வலிக்காது. கூடலூரில் வலிக்கும்.

சின்ன கியர் போடுவது கேவலம் என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் உனக்குத் தெரிந்த சைக்கிள்காரர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு சேதி சொல். கியர் மாற்றும் டிரெய்லியரை வெலோசியோ எத்தனையோ ஆண்டு தூக்கிப் பிடித்து எழுதினார். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பித்த ஆன்றி தெக்ரான்ஜ், அது கிழவர்களுக்கானது என்கிற மாதிரி இளக்காரம் செய்து, பந்தயத்தில் அனுமதிக்காமலே வைத்திருந்தார். 1937-ல்தான் அது உள்ளே வந்தது. அப்புறம் அதில்லாமல் எவனும் மலை ஏறவில்லை. இறங்கித் தள்ளுவதும் அப்படித்தான். மூட்டையோடு தள்ளினால் மணிக்கு நாலு கிலோமீட்டர். மிதித்தால் ஆறு, ஏழு. பத்து நிமிடம் தள்ளுவதால் இழப்பது சில நூறு மீட்டர். இடுப்புக்கும் உள்ளங்கைக்கும் கிடைக்கிற ஓய்வு அதைவிடப் பெரிது.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுணுக்கம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்புகிற வளைவு வந்தால் உனக்கு வெளிவட்டம் கிடைக்கும். சரிவு குறைவு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்புகிற வளைவில் உனக்கு உள்வட்டம். அங்கே நாலைந்து மீட்டருக்கு ரோடு சுவர் மாதிரி நிமிரும். அதற்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடினால் பாரத்தில் செயின் கடகடவென்று துள்ளும், அறுந்தாலும் அறும். வளைவுக்கு இருபது மீட்டர் முன்பே, ஒரு மிதி லேசாக விட்டு, கியரை இறக்கிவிடு. மேலிருந்து பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியிலேயே காலை ஊன்றி நின்றுகொள். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பஸ் திரும்ப ரோட்டின் முழு அகலமும் வேண்டும், டிரைவர் உன்னைப் பார்ப்பதே திரும்பி முடித்த பிறகுதான். நின்றவளைப் பார்த்து அவர் கையைத் தூக்கி விட்டுப் போவார். மலை பஸ் டிரைவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். அவசரப்படுகிற கார்க்காரர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எதையாவது வாயில் போடு. பசித்ததா என்று கேட்காதே, கடிகாரத்தைப் பார். கடலை மிட்டாய், பூவன் பழம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் போதும். விலை கூடிய வெளிநாட்டு ஜெல்லெல்லாம் நம் கடலை மிட்டாய்க்கு முன்னால் நிற்காது. சர்க்கரை, கொழுப்பு, கொஞ்சம் புரதம் எல்லாம் அதில் இருக்கிறது. பழத்தை வெளியே தெரிகிற பையில் வைக்காதே, குரங்கு இருக்கும் இடம். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். இரண்டு லிட்டர் பிடிக்கிற மாதிரி சொந்த பாட்டில் கொண்டு போய், கடை வருகிற இடத்திலெல்லாம் நிரப்பிக்கொள்.

உன்னைப் போன்ற பெண்பிள்ளைகளிடம் இன்னொன்று சொல்ல வேண்டும், யாரும் சொல்ல மாட்டார்கள். வழியில் கக்கூஸ் இருக்காது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கம் பள்ளிக்கூட நாளிலிருந்தே நம் உடம்பில் ஊறியிருக்கிறது. ஏறுகிற நாளில் அது தலைவலியாகவும் மயக்கமாகவும், போகப் போக நீர்க்கடுப்பாகவும் முடியும். குடி. குஞ்சப்பணையிலும் அரவேனுவிலும் டீக்கடை நடத்துகிற வீடுகள் உண்டு. ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு அந்த வீட்டு அம்மாவிடம் கேள். கேட்ட இடத்தில் மறுத்தவர் குறைவு. மாதவிலக்கு அந்த நாளில் வருமென்று தெரிந்தால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடு என்று நான் சொல்ல மாட்டேன். உன் உடம்பு உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்குக் கோத்தகிரியோடு நிறுத்துவது என்று முந்தின இரவே சீட்டில் எழுதிவிடு.

குஞ்சப்பணை தாண்டினால் காற்று மாறும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும். கீழே நீ விட்டு வந்த சூட்டுக்கும் கோத்தகிரிக்கும் ஒன்பது டிகிரி போல வித்தியாசம். பலா மரங்கள் போய் சில்வர் ஓக் வரும், அதன் கீழே தேயிலை. தோட்டத்துக்குள் கறுப்பாகப் பாறை மாதிரி நிற்பது சில சமயம் பாறையில்லை, காட்டெருமை. அது உன்னைப் பார்த்துக்கொண்டே மேயும். நின்று படம் எடுக்க ஆசை வரும். ரோட்டின் மறுபக்கத்துக்குப் போய், நிற்காமல் மிதி. இந்த இடத்தில்தான் ரோட்டின் அழகும் உன் களைப்பும் ஒன்றாகக் கூடும். அழகு களைப்பை மறைத்துவிடும் என்பதால் சீட்டைப் பார்க்க வேண்டிய நேரமும் அதுதான்.

அரவேனுவுக்கு வந்துவிட்டாய் என்றால் கோத்தகிரி வந்த மாதிரிதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் சூடாகச் சோறு சாப்பிடு. அதற்கு முன்னால், முதல் வேலையாக, நனைந்த பனியனை மாற்று. வேர்வை காய்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் உடம்பு சில்லிடும். உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துக் கேள்: விரல் நடுங்குகிறதா? சர்வர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நேரமாகிறதா? சாப்பாட்டை நினைத்தாலே குமட்டுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் கடிகாரம் என்ன சொன்னாலும் அன்றைக்குக் கோத்தகிரியில் அறை எடு. நல்ல ஊர். ஊட்டியைவிட எனக்குப் பிடித்த ஊர் என்றே சொல்வேன். மாலையில் கன்னேரிமுக்கில், கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கட்டத் தொடங்கிய பங்களாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஏற்றத்தின் நடுவிலேயே முடியாமல் போனால் என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, ஆனால் உன் அம்மா கேட்பார். மலைக் காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. இறக்கிவிட்டுத் திரும்பும் பிக்கப் வண்டிகள் பகலில் பெரும்பாலும் காலியாகத்தான் ஏறும். டீக்கடையில் நின்று, கடைக்காரர் மூலமாகவே கேட்டு ஏற்பாடு செய்துகொள். வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறு. சைக்கிளைப் பின்னால் படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்டச் சொல், டிரெய்லியர் வளைந்துவிடும்.

‘தனியாவா வந்தே?’ என்ற கேள்வி அன்றைக்கு இருபது முறை வரும். பெரும்பாலும் அக்கறைதான். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே பதிலை வைத்துக்கொள்: ‘கூட வர்றவங்க பின்னால ஏறி வர்றாங்க.’ எங்கே தங்கப்போகிறாய் என்று யார் கேட்டாலும் அடுத்த ஊரின் பெயரைச் சொல். இந்தப் பொய்யில் பாவமில்லை. உண்மையான இடமும் நேரமும் வீட்டில் ஒரே ஒருத்தருக்குத் தெரிந்தால் போதும். அவரிடம் மட்டும் சொல்லி வை: ஆறு மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. ‘பத்திரமாகப் போய்ச் சேர்’ என்று நாலு பேர் வாழ்த்துவதைவிட இந்த ஏற்பாடு மேல்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரோடு நேராக ஏறாது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். காலையில் சம்பாதித்த உயரத்தை அங்கங்கே திருப்பிக் கேட்கும். கட்டபெட்டு தாண்டிக் கேரட் தோட்டமும் தைல மரமுமாகப் போய், தொட்டபெட்டா சந்திப்பில் உச்சிக்கு வருவாய். அந்த மலையின் தலை 2,637 மீட்டர். அங்கே போகும் கிளை ரோட்டைப் பார்த்து, இவ்வளவு வந்தாச்சு, அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். சீட்டில் இல்லாத எதையும் மூன்று மணிக்கு மேல் சேர்க்காதே. மலை அங்கேயேதான் இருக்கும்.

சந்திப்பிலிருந்து ஊட்டிக்கு இறக்கம். தூரம் கொஞ்சம்தான், ஆனால் அந்த நாளில் நான் அஞ்சுகிற இடம் அதுதான். ஏறும்போது தப்பு செய்தால் நின்றுபோவாய். இறங்கும்போது தப்பு செய்தால் நிற்க முடியாமல் போகும். காலையில் இருந்து மணிக்கு ஏழு கிலோமீட்டரில் போன கண்ணுக்கு முப்பது ஒரு வேகமாகவே தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்காகும். இறங்கும்போது நீ இழக்கிற உயரம் அத்தனையும் காற்றிலும் பிரேக்கிலும்தான் கரைய வேண்டும். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே நெடுந்தூரம் இறங்கினால் பிரேக் கொதிக்கும். ரிம் பிரேக் என்றால் டியூப் வெடிக்கலாம், டிஸ்க் என்றால் பிடி தளரும். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறை, வளைவுக்குள் விட்டுவிடு, வெளியே வந்ததும் திரும்பப் பிடி. கண் வளைவின் முடிவில் இருக்கட்டும், சக்கரத்துக்கு முன்னால் வேண்டாம். உதிர்ந்த தைல இலையும் சாலையோர மண்ணும் வழுக்கும்.

இறங்குவதற்கு முன் சந்திப்பிலேயே நின்று ஜாக்கெட், கையுறை இரண்டையும் போடு. குளிரில் விரைத்த விரல் பிரேக் லிவரை முழுசாக இழுக்காது. ஜாக்கெட் போதவில்லை என்றால் டீக்கடையில் நேற்றைய தினத்தந்தி ஒன்று கேட்டு வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே செருகிக்கொள். ஐரோப்பிய மலைப் பந்தய வீரர்கள் காலங்காலமாகச் செய்வது இது. நம் ஊர்ப் பேப்பரும் நன்றாக மூடும்.

ஊட்டி போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குப் போன். வெந்நீரில் குளியல். கால் நீட்டிப் படுக்கும் முன் பத்து நிமிடம் சைக்கிளுக்கு: பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கம்பி ஏதும் தளர்ந்திருக்கிறதா, டயரில் கண்ணாடித் துண்டு ஏறியிருக்கிறதா. மறுநாள் கூடலூருக்கு நடுவட்டம் வழியாக ஐம்பது கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி இறக்கம். இந்தச் சோதனையைக் காலையில் அவசரத்தில் செய்ய முடியாது. தை, மாசியில் ஊட்டியில் உறைபனி விழும். விடியலில் ரோடு வழுக்கும். வெயில் ஏறிய பிறகே கிளம்பு. யாராவது கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கு, குறுக்கு வழி என்று சொல்வார்கள். முப்பத்தாறு வளைவு, அந்தச் சரிவில் வெளியூர் வண்டிகள் இறங்கவே கட்டுப்பாடு இருக்கிறது, கீழே புலிகள் காப்பகம். மூட்டை கட்டிய சைக்கிளுக்கு அந்த வழி வேண்டாம்.

மூட்டை பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் இரண்டு வரியில் முடிக்கிறேன். ஒரு கிலோ கூடினால் அந்த ஏற்றத்துக்கு மேலும் பதினாலு, பதினைந்து கிலோகலோரி, அதாவது ஒரு கடி கடலை மிட்டாய். ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதே. மூன்றாவது புத்தகத்தை விட்டுவிடு.

இந்தக் கடிதம் வந்த உடனே செய்ய வேண்டிய ஒன்று. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணி எழுது. முன்னால் உள்ள சின்னதிலும் எண்ணு. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிடக் குறைவாக இருந்தால் கிளம்புவதற்குள் மாற்றிவிடலாம், செலவு பெரிதில்லை. செயினும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு மருதமலை அடிவாரம் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு போய்வந்து, எந்த கியரில் செயின் உரசுகிறது என்று சொல்.

அன்புடன்,
அக்கா